கோணல் மீன்

கோடை விடுமுறையில் குழந்தைகள் சும்மா இருக்கக் கூடாது என்று குழந்தை நலத்துறை முடிவு செய்தது. சும்மா இருக்கிற குழந்தையை அவர்கள் எங்கே பார்த்தார்களோ, தெரியவில்லை.

ஆணை வந்தது. அரசுக் குழந்தைகள் காப்பகத்தில் இடம் வேண்டுவோர், இரண்டு வயது பூர்த்தியானவராக இருந்து, தம் கையாலேயே காகிதத் தட்டில் ஒரு மீன் செய்து காட்ட வேண்டும். தட்டில் முக்கோணமாக ஒரு துண்டு வெட்டினால் வாய். அந்தத் துண்டைப் பின்னால் ஒட்டினால் வால். ஒரு கண். வேலை முடிந்தது.

என் மகளின் விடுப்பு அந்த மாதத்தோடு முடிகிறது. பேத்திக்கு இடம் கிடைத்தால் மகள் வேலைக்குப் போவாள். கிடைக்காவிட்டாலும் போவாள், பகல் முழுக்கக் குட்டியைக் கட்டி மேய்ப்பது நான். ஆகவே மீன் எனக்கு முக்கியம்.

குட்டி முழு மனதோடு செய்தாள். பசையில் பாதியைத் தின்றாள். நீலச் சாயத்தைத் தலையில் தேய்த்துக்கொண்டாள். "ஆச்சு!" என்றாள். தூக்கிக்கொண்டு போனேன்.

மதிப்பீட்டு அதிகாரி தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வால் வாய்க்குள்ள இருக்கே?"

"பசி போல."

"பெரியவரே, துறைக்குன்னு ஒரு தரம் இருக்கு. அடுத்த தடவை ஒழுங்கா செஞ்சு கொண்டாங்க."

மாப்பிள்ளை கட்டட வரைபடம் போடுகிறவர். கவராயம், அளவுகோல் சகிதம் உட்கார்ந்தார். செதில்கள் எல்லாம் ஒரே அளவு. துள்ளிக் குதிக்காததுதான் பாக்கி. அதிகாரி அதையும் தள்ளிவிட்டார்.

"அளவு பிசகாம இருக்கு. குழந்தைத்தனம் போதாது. வயதுக்குரிய கோணல் வேணும்."

மறுநாளே துறை அலுவலகத்துக்கு எதிரில் கோணல் பயிற்சி நிலையம் முளைத்தது. நடத்தியவர் அதிகாரியின் மைத்துனர். ஊரிலுள்ள அப்பன்மார் எல்லாம் சாயங்காலமானால் அங்கே போய் இடதுகையால் வெட்டப் பழகினார்கள்.

"சார், நேரா வெட்டிட்டீங்க. இப்படி இருந்தா எப்படித் தேறுவீங்க?" என்று மைத்துனர் மாப்பிள்ளையைக் கடிந்துகொண்டார்.

வீட்டிலும் அதே பயிற்சி. குட்டி ஆசையாகக் கத்தரிக்கோலைத் தொட வந்தாள்.

"தொடாதே! அப்பா குழந்தை மாதிரி செஞ்சுட்டிருக்கேன்ல?"

மதிப்பீட்டு நாள் வந்தது. வாசலில் பலகை: 'கவனம் சிதறும், குழந்தைகளுக்கு அனுமதி இல்லை.' ஊர்க் குழந்தைகள் எல்லாம் வெளியே சேற்றில் புரண்டன. உள்ளே, முழங்கால் உயர நாற்காலிகளில் பெற்றோர். வழக்கறிஞர் ஒருவர் பசையைப் பிடுங்கிக்கொண்டார் என்று பல் மருத்துவர் அழுதுகொண்டிருந்தார்.

மாப்பிள்ளையின் மீனுக்கு மூன்று கண். ஒன்று வாலில். அமோகமாகத் தேறினார்.

"இடம் பேத்தி பேருக்குத்தானே?" என்று அதிகாரியிடம் கேட்டேன்.

"மீன் செஞ்சது யாரு?"

"மாப்பிள்ளை."

"இரண்டு வயசு பூர்த்தியாச்சா?"

"முப்பத்தி மூணு."

"அப்ப நல்லாவே பூர்த்தியாச்சு. செஞ்சவருக்குத்தான் இடம்."

மகள் தலையில் அடித்துக்கொண்டாள். "நீங்க போய் உக்காருங்க. வர்ற இடத்தை விட்டா அப்புறம் கிடைக்காது. அப்பா, கொஞ்ச நாளைக்குக் குட்டியைப் பாத்துக்கோங்க."

மாப்பிள்ளை முணுமுணுத்துக்கொண்டேதான் போனார். மாலையில் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார். கதை சொல்கிறார்களாம். பால் தருகிறார்களாம். சாப்பிட்டதும் பாயில் தூங்க வைக்கிறார்களாம். அவருடைய மேலாளரும் அதே வகுப்பாம்.

"சிவப்பு வாளியைத் தரவே மாட்டேங்கிறாரு மாமா," என்றார். அது ஒன்றுதான் குறை.

இங்கே குட்டி என் மூக்குக் கண்ணாடியைக் கழிவறையில் குளிப்பாட்டினாள். பல்செட்டைத் தொட்டியில் நட்டுத் தண்ணீர் ஊற்றினாள். இனி தாங்காது. நேரே அலுவலகம் போனேன். ஒரு தட்டை எடுத்தேன்.

எனக்குக் கை நடுக்கம் உண்டு. வெட்ட ஆரம்பித்ததும் அதிகாரி எழுந்தே நின்றுவிட்டார்.

"இயற்கைக் கோணல்! பயிற்சியில வர்றதில்லை இது. நாளையிலேருந்து வந்துடுங்க பெரியவரே."

"அப்ப குட்டியை எங்க விடுறது?"

"குழந்தைகளுக்குன்னு நம்மகிட்ட எந்த வசதியும் இல்லைங்களே."

அதுவும் சரிதான். நான் சேர்ந்துவிட்டேன். மதியத் தூக்கம் பிரமாதம்.

மகள் வேலைக்கு முழுக்குப் போட்டுவிட்டாள். தினமும் மாப்பிள்ளையையும் என்னையும் காப்பகத்தில் கொண்டுபோய் விட ஒரு ஆள் வேண்டுமே.