பட்டாம்பூச்சிக் கூடத்தில் நான் எடுத்த இருபத்தாறு படங்கள்

தாமுவே பேட்டையிலிருந்து,
செவ்வாய்க்கிழமை.

மதிப்பிற்குரிய மச்சான் தங்கவேலு அவர்களுக்கு, உங்கள் தங்கை புருஷன் உதயசூரியன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்சவேணியும் புஷ்பாவும் உடம்பளவில் சுகம். மனசைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். அங்கே கியாக்தானில் அனைவரும் நலமாயிருக்க வேண்டும். போனில் பேசினால் அம்சவேணி காதில் விழும், அதனால்தான் கடிதம்.

விஷயம் உங்கள் மருமகள் புஷ்பாவைப் பற்றியது. இங்கே பட்டாம்பூச்சிக் கூடம் ஒன்று திறந்திருக்கிறார்கள். கண்ணாடிக் கூரை போட்ட கொட்டகை, உள்ளே காடு மாதிரிச் செடிகள். மூன்று சனிக்கிழமையாகப் புஷ்பா கேமராவோடு அங்கே போகிறாள். துறைமுகத்தில் முப்பது வருஷம் மூட்டை பிரித்துப் பார்த்தவன் நான், பூச்சியைப் படம் பிடிக்க மூன்று சனிக்கிழமை எதற்கு? போன வாரம் நானும் வருகிறேன் என்றேன். "வாங்கப்பா" என்று உடனே சொல்லிவிட்டாள். அதிலேயே சந்தேகம் இரட்டிப்பாகிவிட்டது.

வாசலில் கோ தூரா என்று ஒரு பையன். பூச்சிகளைப் பராமரிக்கிறவன், தகப்பன் தமிழர், தாய் பர்மியப் பெண். வருகிற பெரியவர்களை எல்லாம் பர்மிய வழக்கப்படி சித்தப்பா முறையில் "ஊலே" என்றான். என்னை மட்டும், "வாங்க மாமா, குடை குடுங்க, உள்ள வேணாம்" என்றான். எனக்கு மட்டும் ஏன் மாமா, நீங்களே சொல்லுங்கள்.

கையும் களவுமாகப் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பலாமென்று புஷ்பாவிடம் கேமராவை வாங்கிக்கொண்டேன். உள்ளே போனதும் புழுக்கத்தில் என் மூக்குக் கண்ணாடியிலும் கேமராக் கண்ணாடியிலும் ஒரே நேரத்தில் ஆவி படிந்துவிட்டது, துடைத்து முடிப்பதற்குள் இரண்டு பேரும் வாழை மரத்துக்கு அந்தப் பக்கம் போயாச்சு, நான் பின்னாலேயே போறேன், அவங்க முகத்துக்கு நேரா வைக்கிறேன், அமுக்குற நேரம் பார்த்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நீலப் பூச்சி குறுக்கே வந்து நிக்குது, தள்ளி நின்னு எடுத்தா அன்னாசித் துண்டு வச்ச தட்டுலேருந்து ஒரு கூட்டமே கிளம்புது, இருபத்தாறு படம் மச்சான், இருபத்தாறிலும் பூச்சிதான், ஒன்றில் மட்டும் அவன் காது தெரிகிறது.

திடீரென்று, "மாமா, ஆடாதீங்க" என்றான். என் மூக்கின் மேல் ஒன்று உட்கார்ந்திருந்தது. அவன் விரலை நீட்டி, ஊதாமல், தள்ளாமல், அது தானாக ஏறுகிற வரைக்கும் காத்திருந்தான். இரண்டு நிமிஷம் இருக்கும். ஒரு மனுஷனுக்கு அவ்வளவு பொறுமை எதற்கு? அதுவும் எனக்குச் சரியாகப் படவில்லை.

வெளியே வரும் வழியில் என்னைத் திருப்பி முதுகைப் பார்த்தான். திருடனா நான் என்று கேட்டேன். "எல்லாருக்கும் பாக்கிறது மாமா. துணில ஒட்டிக்கிட்டு வெளிய போயிடும்." என் கைலி மடிப்பில் இரண்டு இருந்தன. புஷ்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பல வருஷமாகிறது. அதனால்தான் பயமாக இருக்கிறது.

ஆகையால் தாய்மாமனாகிய நீங்கள் உடனே பஸ் ஏறி வந்து அவளைக் கண்டிக்க வேண்டும். நான் பேசினால் அழுதுவிடுவேன்.

உங்கள் வீட்டம்மாவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசி, எல்லோரும் தீர்க்காயுசாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உதயசூரியன்

பி.கு.: உறையை ஒட்டும்போது அம்சவேணி பிடுங்கிப் படித்துவிட்டாள். அந்தப் பையனைப் புஷ்பாவுக்குப் பார்த்ததே நீங்கள்தானாம், அவன் தாய் உங்களுக்கு அடுத்த வீடாம், நாலு மாதமாக எனக்குத் தெரியாமல் உங்கள் தங்கைக்கும் உங்களுக்கும் போனில் பேச்சாம். எனவே மேலே எழுதியதை நீங்கள் படிக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பையன் வீட்டாரை அழைத்து வாருங்கள். நான் சம்மதித்துவிட்டேன் என்று அர்த்தமில்லை. மீன் வாங்க வேண்டும், எத்தனை பேர் என்று மட்டும் சொல்லுங்கள்.