நாற்காலி ரயில்

தரணிதரன் ஹார்ட்வெயார் கடையில் லீவு எடுத்தது கிரிக்கெட் பார்க்க. மனைவி சுதர்ஷினி அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள்.

"பிள்ளைகளுக்கும் சித்திரை லீவுதானேங்க. ஹட்டனுக்கு, சர்மிளா அக்கா வீட்டுக்குப் போயிட்டு வருவோம்."

சர்மிளாவின் கணவர் தனக்குச் சர்க்கரை வந்த கதையை ஆரம்பித்தால், கேட்பவருக்கும் சர்க்கரை வந்துவிடும். தரணிதரன் நின்ற இடத்திலேயே ஒரு கல்வித் திட்டத்தைக் கண்டுபிடித்தான்.

"ஊர் சுத்துனா படிச்சதெல்லாம் மறந்துரும். வீட்டுலயே இருக்கட்டும். விளையாட்டாவே எல்லாத்தையும் நான் சொல்லிக் குடுக்குறேன்."

"நீங்களா?" என்றாள் சுதர்ஷினி. அதற்கு மேல் எதுவும் பேசவில்லை. அப்போதே அவன் உஷாராகியிருக்க வேண்டும்.

மறுநாள், நானுஓயாவை ஒட்டிய தேயிலைத் தோட்டத்தில் இருந்த அவர்கள் வீட்டுக்குள் நாற்காலிகள் வரிசையாக நின்று ரயிலாயின; ஊர்ப் பேச்சில், கோச்சி. பிரதாப் டிரைவர். அவன் அக்கா கேஷிகா கார்ட். ஊர்ப் பெயர்களை மூன்று மொழியிலும் எழுதி ஒட்டினால் மொழிப்பாடம். ரயில் நேரம் பார்த்தால் கணக்கு. தரணிதரன் நிலைய அதிபர். பள்ளிக்கூட அதிபர் என்றால் பாடம் நடத்த வேண்டும். நிலைய அதிபர் டிவிக்கு எதிரே உட்கார்ந்தால் போதும்.

"அப்பா, கோச்சி ஏன் மலையைச் சுத்திச் சுத்திப் போகுது? நேரா ஏறுனா என்ன?" என்றான் பிரதாப்.

"இன்ஜினுக்கு மூச்சு வாங்கும்."

"இன்ஜினுக்கு மூக்கு எங்க இருக்கு?"

டிவியில் ஒரு விக்கெட் விழுந்தது. யாருடையது என்று தெரியவில்லை.

"டனலுக்குள்ள இருட்டுதானே. டிரைவருக்கு வழி எப்படித் தெரியும்?" இது கேஷிகா.

"அவருக்குத் தெரியவேணாம். கோச்சிக்குத் தெரியும்."

தேத்தண்ணியோடு வந்த சுதர்ஷினி கடைசி நாற்காலியில் பயணியாக உட்கார்ந்தாள்.

"எனக்கும் ஒரு சந்தேகம். நிலைய அதிபரும் கோச்சியில போவாரா?"

"எப்படிப் போவாரு? ஸ்டேஷனை யாரு பார்க்கிறது? இடத்தை விட்டு அசையக் கூடாது."

"பயணிங்க?"

"பயணிங்க போயே ஆகணும். இல்லாட்டி அது கோச்சியே இல்ல."

"கேட்டுக்கிட்டீங்களா?" என்று அவள் பிள்ளைகளைப் பார்த்தாள். நன்றாகவே கேட்டுக்கொண்டார்கள்.

அடுத்த நாள் காலையில் மூவரும் பையோடு வாசலில் நின்றார்கள்.

"டனலை நேர்லயே பார்த்துட்டு, அப்படியே ஹட்டன்ல இருந்துட்டு வர்றோம்ங்க. பிள்ளைங்க கேட்டதுக்கெல்லாம் பதில் வேணும்ல?"

"அப்ப நான்..."

"நீங்க எப்படிப்பா வருவீங்க?" என்றான் பிரதாப், உண்மையான அக்கறையோடு. "ஸ்டேஷனை யாரு பார்க்கிறது?"

தரணிதரன் முகத்தைத் தொங்கப்போட்டான். உள்ளுக்குள் மேளம் கொட்டியது. சர்க்கரைக் கதை இல்லை, கேள்வி இல்லை, டிவி முழுக்க அவனுக்கே. நானுஓயா பிளாட்பாரத்தில் ரயில் மறையும்வரை கை காட்டினான். பார்ப்பவர்களுக்காகக் கண்ணையும் துடைத்துக்கொண்டான். பிறகு வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தான்.

வாசலில் பக்கத்து வீட்டு மீனம்மா நின்றாள். அவளுக்குப் பின்னால் தோட்டத்து லயன் வீடுகளின் பிள்ளைகள், ஆளுக்கொரு நாற்காலியோடு.

"சுதர்ஷினி சொல்லிட்டுத்தான் போச்சு, தம்பி. தனியா இருந்தா உங்களுக்குப் பொழுது போகாதாம். அது வர்ற வரைக்கும் எங்க பிள்ளைகளுக்கும் விளையாட்டாவே சொல்லிக் குடுப்பீங்களாமே. நாங்களும் நிம்மதியா மலைக்குப் போய்க் கொழுந்தெடுப்போம்."

தரணிதரன் நாற்காலிகளை எண்ணிப் பார்த்தான்.

"இவ்வளவு பேருமா?"

"இல்ல தம்பி. மத்தவங்க நாற்காலி எடுத்துட்டு வரப் போயிருக்காங்க."