குழி காத்த கீரி

ஒரு காட்டில் ஒரு கல்லூரி இருந்தது. காட்டில் கல்லூரி எதற்கு என்று கேட்கக் கூடாது. பட்டம் இல்லாத விலங்குகளுக்கு அங்கே வேலை கிடையாது. பட்டம் மட்டும் இருந்தாலும் கிடையாது. நூற்றிருபது மணி நேரம் தொண்டு செய்த சான்றிதழும் வேண்டும்.

தொண்டுக்குப் பொறுப்பாசிரியர் கொக்கு. ஆண்டுதோறும் முதல் மழை பெய்ததும் அது மரம் நடுவிழா நடத்தும். தலைமை விருந்தினர் யானையார். காட்டில் பாதியைத் தின்று தீர்த்தவர் என்பதால் மரத்தின் அருமை அறிந்தவர் என்று அழைப்பிதழில் போட்டிருப்பார்கள். அவர் ஒரு புங்கங்கன்றை நடுவார். படம் எடுப்பார்கள். மாணவர்கள் பதிவேட்டில் நூற்றிருபது மணி நேரத்துக்கும் ஒரே மூச்சில் கையெழுத்துப் போடுவார்கள். மறுநாள் மாணவர் தலைவரான ஆடு கன்றைத் தின்றுவிடும். அடுத்த ஆண்டுக்குக் குழி தயார்.

ஓர் ஆண்டு தொண்டில் சேர்ந்த கீரி ஒரு தவறு செய்தது. நூற்றிருபது மணி நேரம் என்றால் நூற்றிருபது மணி நேரம் என்று நினைத்துவிட்டது. கன்றைச் சுற்றி முள் கட்டியது. தினமும் கொட்டாங்குச்சியில் தண்ணீர் சுமந்தது. ஓராண்டில் கன்று கீரியின் தலைக்கு மேலே நின்றது.

மறு ஆண்டு விழாவன்று யானையார் புதுக்கன்றோடு வந்து நின்றார். குழி இல்லை. மரம் இருந்தது.

"தம்பி, என்னப்பா இது?" என்றது கொக்கு.

"போன வருஷம் ஐயா நட்டதுங்க சார். உயிரோட இருக்கு."

"அது தெரியுது. ஏன் இருக்கு?"

"தண்ணி ஊத்தினேன் சார்."

"யாரைக் கேட்டு ஊத்தின?"

கீரி தலையைச் சொறிந்தது. "பக்கத்துல வேற குழி வெட்டித் தரேன் சார். பத்து நிமிஷம்."

"இந்தக் குழிக்குத்தான் அனுமதி. வேற குழின்னா திரும்ப மனு எழுதி, சிங்கத்துக்கிட்ட போய், மூணு மாசம். அதுவரைக்கும் இந்தப் புள்ளைங்க எங்க போய்ச் சேவை செய்யும்? முப்பத்தெட்டுப் பேர் எதிர்காலத்துல நீ தண்ணி ஊத்தியிருக்க."

"நீ ஒருத்தன் நல்லவன், நாங்கல்லாம் என்ன, இளிச்சவாயனுங்களா?" என்றது ஆடு. ஓராண்டாக முள்ளில் மூக்கைக் கிழித்துக்கொண்ட கோபம் அதற்கு.

கொக்கு சிறகுக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்தது. கீரியின் சான்றிதழ். முத்திரை இருந்தது, கையெழுத்து இல்லை.

"நாளைக்குத்தானே வனத்துறை நேர்முகத் தேர்வு?"

"ஆமா சார்."

"பிடுங்கிடு. கையெழுத்துப் போடறேன்."

கீரி மரத்தைப் பார்த்தது. சான்றிதழைப் பார்த்தது. வளையில் தம்பி தங்கைகள் ஏழு பேர், அதற்கு வேலை கிடைக்கும் என்று காத்திருந்தார்கள். அது தோண்டத் தொடங்கியது. வேர் ஆழமாகப் போயிருந்தது; ஒரு மணி நேரம் பிடித்தது. அதையும் தொண்டுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளச் சொன்னது கொக்கு. பிறகு யானையார் புதுக்கன்றை நட்டார். கீரியை நடுவில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். கொஞ்சம் சிரிக்கச் சொன்னார்கள். சிரித்தது.

நேர்முகத் தேர்வில் கரடி கேட்டது: "மாணவத் தொண்டிலிருந்து என்ன கத்துக்கிட்டே?"

கீரி சற்று யோசித்தது. "குழியைக் காலியா வச்சிருக்கணுங்க."

தேர்வுக் குழுவினர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை சின்ன வயதில் இத்தனை தெளிவை அவர்கள் கண்டதில்லை. அன்றே நியமன ஆணை கிடைத்தது.

முப்பத்தொரு ஆண்டு மக்கள் பணி செய்து, வனத்துறை இயக்குநராக ஓய்வு பெற்றது கீரி. அதன் காலத்தில் ஒரு நடுவிழாவும் நின்றதில்லை. ஒரு மரமும் வளர்ந்ததில்லை. தன் வளை வாசலில் மட்டும் அது ஒரு செடிகூட வைக்கவில்லை. கேட்டால், "வச்சா தண்ணி ஊத்தணும்னு தோணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடும்.

நீதி: தொண்டு செய்யப் பலர் வரிசையில் நிற்கிறார்கள். எந்த நல்ல காரியத்தையும் முடித்துவைத்து அவர்கள் வயிற்றில் அடிக்காதே.