பத்து-கே மேடமும் பதினாலு கால்களும்

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாவதோடு நின்றவன்; பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

காரிமங்கலத்தில் தொங்குகிற பொருள் எதையும் நம்பாத ஒரே ஆள் பத்து-கே மேடம்தான். கிணற்று மோட்டாரைத் தானாகப் போட்டு நிறுத்தும் பெட்டிகள் செய்கிற கடை அவருடையது. என்னைவிடப் பத்து வயது சின்னவர். எந்தப் பழுதுக்கும் பத்து-கே, அதாவது பத்தாயிரம் ஓம் ரெசிஸ்டர் ஒன்றை எடுப்பதால் அந்தப் பெயர். என் சட்டையில் ஒரு நூல் தொங்கினால் பேச்சை நிறுத்திவிட்டுக் கத்தரிக்கோல் தேடுவார். ஒருமுறை பஸ்ஸில், முன் சீட்டுக்காரர் தோளில் பின்னால் தொங்கிய துண்டை எடுத்து அவர் மடியில் போட்டு, "காத்துல ஆடுதுங்க" என்றார். அந்த மனிதர் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டார்.

கடையில் நான் பெட்டிக்கு ஓட்டை போட்டுத் திருகு முடுக்குகிறவன். போர்டில் ஈயத்தால் பற்றவைக்கும் மேஜையில் உட்கார வேண்டும் என்று ஆசை. கேட்கத்தான் வாய் வரவில்லை.

ஒருநாள் இண்டூர் விவசாயி ஒருவர், வேறெங்கோ வாங்கிய பெட்டியோடு வந்தார்.

"நான் கிட்டப் போனா மோட்டார் ஓடுதுங்க. மச்சான் போனா நின்னுக்குது. முனியப்பனுக்குக் கோழி அறுத்தும் கேக்கலீங்க."

மேடம் திறந்து பார்த்தார். "முனியப்பன் மேல பழி போடாதீங்க. பொத்தானை அமுக்கினா சிப்புக்குப் பூஜ்யம்னு தெரியுது. விட்டா என்னன்னு அதுக்கு யாருங்க சொன்னா? பாவம், காத்துல வர்றதையெல்லாம் கேட்டுக்கிட்டு ஆடுது."

அவர் ரெசிஸ்டர் தேடும் நேரத்தில் சிப்பில் பொத்தானோடு சேர்ந்திருந்த கம்பிக்காலருகே என் விரலைக் கொண்டுபோனேன். தொடவேயில்லை, பெட்டி விளக்கு மினுக்கியது. விரலை எடுத்தேன், நின்றது. மறுபடி கொண்டுபோனேன். மேடம் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறார். அந்தக் காலிலிருந்து ப்ளஸ்ஸுக்கு ஒரு பத்து-கே பற்றவைத்தார். "இனி விட்டா ஒன்னு, அமுக்கினா பூஜ்யம்." விவசாயி போனபிறகு என் பக்கம் திரும்பினார்.

"அண்ணா, நாளைக்கு ஒரு போர்டு நீங்களே பண்ணுங்க. சரியா வந்தா இனிமே உங்களுக்கு மேஜைதான்."

மறுநாள் பார்த்தால், பதினாலு கால் சிப்பில் ஆறு கால்களுக்கு வேலையே இல்லை. மேடத்தைத் தெரியாதா எனக்கு? ஆறையும் இழுத்து மைனஸில் கட்டினேன். கரண்ட் கொடுத்ததும் சிப் விரலைச் சுட்டது. மேஜை போயிற்று என்று போர்டை டிபன் பாக்ஸுக்கு அடியில் ஒளித்துவிட்டு, சாயங்காலம்வரை ஓட்டை போட்டேன். ஓட்டை தேவைப்படாத பெட்டிகளுக்கும் போட்டேன்.

"டிபன் பாக்ஸ் ஏன் சாஞ்சு நிக்குது?" என்று மேடம் அதைத் தூக்கிவிட்டார். போர்டைத் திருப்பினார். "ஆறையும் கட்டிட்டீங்களா?"

"தொங்குச்சுங்க."

அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். "கேக்கற காலைத்தான் கட்டணுங்கண்ணா. நாலு கேக்கற காலு. இந்த ரெண்டும் சொல்ற காலு. அது ஒன்னு ஒன்னுன்னு கத்துது, நீங்க மைனஸ்ல புடிச்சு அமுக்கினா சூடாகாம என்ன பண்ணும்?"

இரண்டு கம்பிகளையும் வெட்டினார். "இதுங்க மட்டும் தொங்கட்டும்" என்று சொல்லிவிட்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

புதுச் சிப் வைத்தோம். பச்சை விளக்கு ஆடாமல் எரிந்தது.

"நாலு சரி, ரெண்டு தப்பு. உக்காருங்க."

அன்று முதல் மேஜை விளக்கு என் பக்கமே திரும்பியிருந்தது. கண்ணாடி போட்ட அவர், மூக்கு போர்டில் படும்படி குனிந்து வேலை பார்த்தார். நான் அவர் பக்கம் திருப்பி வைப்பேன்; கொஞ்ச நேரத்தில் அது மறுபடி என் பக்கம் வந்திருக்கும்.

எழுதி முடித்தது: ஆவணி மாதம், இரண்டாம் வெள்ளிக்கிழமை.