பேக்கப் எடுத்தீர்களா என்று கேட்ட முயல்

ஒரு காட்டில் ஒரு சிங்கம் சட்டப்படி சாப்பிட்டுவந்தது. மற்ற காட்டுச் சிங்கங்களைப் போல அது கண்டபடி யார்மீதும் பாயாது. யாரைத் தின்ன வேண்டுமோ அவர் பெயருக்கு ஆணை தட்டச்சாகி, முத்திரை விழுந்து, அவரே நேரில் வந்து வாங்கிக்கொண்ட பிறகுதான் பந்தியில் உட்காரும். மாலை ஐந்து மணிக்குள் ஆணை வராவிட்டால் அந்தப் பெயர் தள்ளுபடி. அன்று ராஜா பழம் சாப்பிட்டுக்கொள்ளும். இப்படியொரு நேர்மையான ராஜா எந்தக் காட்டுக்குக் கிடைக்கும் என்று மான்கள் மேடை போட்டுப் பாராட்டின. மான்களைப் பற்றி நான் வேறென்ன சொல்ல?

ஆணை அடிப்பது வேதநாயகி என்ற யானை. அது லேப்டாப்பில் துதிக்கை நுனியை வைத்தால் ஐந்தாறு எழுத்துகள் சேர்ந்து விழும். அதனால் பலாச்சுளை அளவுக்குப் பட்டன்கள் வைத்த தனி கீபோர்டு ஒன்றை ஒயர் போட்டு இணைத்துக் கொடுத்திருந்தார்கள்.

அன்று முறை பூங்கோதை என்ற முயலுக்கு. பக்கத்துக் காட்டில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வேலை கிடைக்காமல் பொந்திலேயே இருந்த முயல். கண் வீங்க அழுதுவிட்டு, ஆணை வாங்க வந்து அலுவலக பெஞ்சில் உட்கார்ந்திருந்தது.

"கொஞ்சம் இரும்மா" என்றது யானை. "காலையில என்னமோ அப்டேட்டுன்னு கேட்டுச்சு, சரின்னு குடுத்தேன். அதுலேர்ந்து இந்தக் கீபோர்டு செத்துக் கிடக்கு."

முயலுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஐந்து மணிவரை இது செத்தே கிடந்தால் போதும், தான் பிழைத்துவிடலாம்.

யானை ஒயரைப் பிடுங்கிச் செருகியது. உடனே திரையின் மூலையில் ஒரு சின்னப் பெட்டி எட்டிப்பார்த்தது. 'ஒரு கருவி இணைக்கப்பட்டுள்ளது. அனுமதிக்கலாமா?' யானை மவுஸை நகர்த்தி 'வேண்டாம்' என்பதை அழுத்தியது. திரையில் எது எட்டிப்பார்த்தாலும் வேதநாயகி வேண்டாம் என்றுதான் சொல்லும். அது அப்படி வளர்ந்த யானை.

பெஞ்சிலிருந்தே முயல் அதைப் பார்த்துவிட்டது. கோளாறு என்னவென்று அந்த நொடியே புரிந்தும் போயிற்று. ஆனால் வாயைத் திறக்கவில்லை. திறக்க அதற்கென்ன பைத்தியமா?

பிறகு ஐ.டி. பிரிவின் தலைவரான குழந்தைவேலு வந்தது. அது ஒரு குரங்கு. ராஜாவுக்கு மச்சான் முறை என்று சொல்லி வேலையில் சேர்ந்தது. சிங்கத்துக்குக் குரங்கு எப்படி மச்சான் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

"ரீஸ்டார்ட் பண்ணீங்களா மேடம்?"

"பண்ணேன் சார்."

"இன்னொரு தடவை பண்ணுங்க."

பண்ணியது. வேலைக்காகவில்லை. குரங்கு கீபோர்டைக் கவிழ்த்து உதறியது. முறுக்குத் தூள் கொட்டியது. அதைப் பொறுக்கித் தின்றுவிட்டு, ஒயர் முனையில் உஃப் என்று ஊதி மறுபடி செருகியது. திரை மறுபடி அனுமதி கேட்டது. யானை மறுபடி வேண்டாம் என்றது. மதியம் முழுக்க இதே கூத்து. முயலுக்கு உடம்பெல்லாம் அரித்தது. முன்னங்கால் இரண்டையும் வாயில் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

ஐந்து மணி நெருங்கியது. உள்ளேயிருந்து ராஜா பசியில் கர்ஜித்தது.

"இனிமே ஒரே வழிதான் மேடம்" என்றது குரங்கு. "மொத்தத்தையும் அழிச்சுட்டுப் புதுசா ஏத்திடறேன்."

காட்டிலுள்ள அத்தனை மிருகங்களின் பெயரும் முறையும் அந்த லேப்டாப்பில்தான் இருந்தன. அது அழிந்தால் முயல் மட்டுமில்லை, காடே பிழைத்துவிடும். குரங்கின் விரல் பட்டனுக்குப் போனது.

"பேக்கப் எடுத்தீங்களா?"

கேட்டது முயலின் வாய். முயலே திடுக்கிட்டுப்போனது.

"அப்படின்னா?" என்றது குரங்கு.

அதற்குமேல் கம்ப்யூட்டர் படித்த எந்த ஜீவனாலும் சும்மா இருக்க முடியாது. முயல் மேஜைமேல் தாவியது. "தள்ளுங்க சார்!" ஒயரைப் பிடுங்கிச் செருகியது. பெட்டி எட்டிப்பார்த்தது. "மேடம், இதை ஒரு தடவையாவது படிச்சீங்களா? அனுமதின்னு குடுங்க!"

யானை கொடுத்தது. கீபோர்டில் பச்சை விளக்கு எரிந்தது. யானை ஆசையாய் ஒவ்வொரு எழுத்தாய்த் தட்டியது. திரையில் பூங்கோதை என்று விழுந்தது.

"வேலை செய்யுதும்மா! நீ நூறு வருஷம் நல்லா இருக்கணும்!" என்று யானை வாழ்த்தியது.

ஆணையோடு முயல் ராஜாவின் முன் போய் நின்றது. கீபோர்டைச் சரிசெய்ததும் இந்தப் பிள்ளைதான் என்று யானை சொன்னது. ராஜா திறந்த வாயை மூடிக்கொண்டு பிடரிக்குள்ளிருந்து ஒரு போனை எடுத்தது.

"முடி வெட்டிக்கிட்டேன். அதுலேர்ந்து இது என்னை யாருன்னே தெரியலைங்குது. கொஞ்சம் பாரேன்."

முயல் வாங்கி, ராஜாவின் புது முகத்தைப் பதிந்தது. போன் திறந்துகொண்டது. ராஜா உருகிவிட்டது. "இந்தப் பொண்ணைத் தின்ன வேண்டாம்!"

"அப்ப வேற யாரு பேரை அடிக்கட்டும் ராஜா?" என்று யானை கேட்டது. எல்லோரும் குழந்தைவேலுவைத் திரும்பிப் பார்த்தார்கள். கீபோர்டு இப்போது அருமையாக வேலை செய்தது.

இங்கேயே நிறுத்தினால் பாடப் புத்தகத்தில் போட்டுவிடலாம். ஆனால் மறுநாள் விடிந்தபோது முயலின் பொந்து வாசலில் காடே நின்றது. கரடிக்குப் பாஸ்வேர்டு மறந்துவிட்டது. முதலை சொட்டச் சொட்ட ஒரு போனை நீட்டி, "தண்ணியே படலைம்மா" என்றது. "நான் ஒண்ணுமே பண்ணலை, அதுவா போயிடுச்சு" என்றது மான். கூலி என்று வாயெடுத்தால், "நம்ம பிள்ளைதானே" என்றார்கள். முயலுக்குத் தூக்கம் போனது, ரோமம் கொட்டியது.

ஒருநாள் அது நேராக ராஜாவிடம் போனது.

"ராஜா, தயவுசெஞ்சு என்னைத் தின்னுடுங்க."

ராஜாவுக்கு நிஜமாகவே கண் கலங்கியது.

"ச்சே, என்ன பேச்சும்மா இது? உன்னைத் தின்னுட்டா எங்க வீட்டு வைஃபையை யாரு பாக்கறது? வந்ததுதான் வந்தே, அந்தப் பிரிண்டரையும் ஒரு பார்வை பாத்துட்டுப் போ."

நீதி: சிங்கம் ஒரு தடவைதான் தின்னும், கம்ப்யூட்டர் தெரிந்தவர் என்று பேர் வாங்கிவிட்டால் காடே தினமும் தின்னும். ஆகவே குழந்தைகளே, நன்றாகப் படியுங்கள், யாரிடமும் சொல்லாதீர்கள்.