பந்தைக் காணோம்

வீட்டில் ஒருத்தன் மட்டும் படித்திருந்தால், அவன் என்ன படித்தான் என்று யாரும் கேட்பதில்லை. மோட்டார் ஓடாவிட்டாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள், பத்திரத்தில் ஒரு வரி புரியாவிட்டாலும் அவனைத்தான். எருமப்பட்டிப் பக்கம் எங்கள் குடும்பத்தில் அந்த ஒருத்தன் நான். படித்தது எக்ஸ்ரே எடுக்கும் டிப்ளமோ. (எடுக்க மட்டும்தான். பார்த்துச் சொல்வது டாக்டர் வேலை. இந்த வித்தியாசத்தை வீட்டில் நான் விளக்கவேயில்லை. விளக்கினால் மரியாதை குறைந்துவிடுமே.)

நாமக்கல்லில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்ந்த புதிது. அக்கா ஐந்து மாதக் குழந்தையோடு அங்கே வந்து நின்றாள். பிறக்கும்போது கால் முன்னால் வந்த குழந்தை. ஒரு தொடையில் மடிப்பு ஒன்று கூடுதலாக இருக்கவே, இடுப்பு மூட்டு சரியாக வளர்கிறதா என்று பார்க்க எலும்பு டாக்டர் எக்ஸ்ரே எழுதியிருந்தார்.

"நடந்துக்குவாளா? அத மட்டும் சொல்லு சாமி," என்றாள் அக்கா.

படம் எடுத்தேன். டாக்டர் ஆபரேஷனில் இருந்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்து, பாடத்தில் படித்த ஞாபகத்தில் இடுப்பின் இரண்டு பக்கத்தையும் சேர்த்துக் குறுக்கே ஒரு கோடு, மூட்டுக் கிண்ணத்தின் கூரையை ஒட்டிச் சாய்வாக ஒரு கோடு போட்டுக் கோணம் அளந்தேன். அதுவரை பெரியவர்களின் இடுப்பையே பார்த்துப் பழகிய என் கண்ணுக்கு, அந்தக் கூரை ஓட்டு வீட்டுக் கூரையைவிடச் சரிவாகத் தெரிந்தது. அதைக்கூட விட்டுவிடலாம். கிண்ணத்துக்குள் உட்கார வேண்டிய தொடை எலும்பின் பந்து, இரண்டு பக்கமும் இல்லவே இல்லை!

வெளியே வந்து, பக்குவமாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னேன்: "பயப்படாதக்கா. பந்து ரெண்டையும் காணோம்."

(முதல் வார்த்தை மட்டும் அவள் காதில் விழவில்லை.)

என்ன பந்து, ஏன் காணோம் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. படித்த தம்பி சொன்னால் சரியாகத்தான் இருக்கும். குழந்தையின் இரண்டு பாதங்களையும் ஒரு கைக்குள் பொத்திக்கொண்டு அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு மச்சானுக்குப் போன் போட்டாள். அவர் ரிக் வண்டியோடு ஒடிசாவில் ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டிருந்தார். பின்னால் கம்ப்ரஸர் அலறியது. அழுகைக்கு நடுவே அக்கா, "பாப்பாவோட பந்தக் காணோமாங்க, தம்பி சொல்றான்," என்றாள்.

மச்சான் அந்தச் சத்தத்துக்கும் மேலே கத்தினார். "இதுக்குப் போயி அழுவாங்களா? வேற வாங்கிக் குடு புள்ள. நான் வாரப்பப் பெருசா ஒண்ணு வாங்கியாரேன்."

பக்கத்தில் கையில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தவர் சிரித்துவிட்டார். அக்காவின் அழுகை கூடியது.

டாக்டர் வந்தார். படத்தைப் பார்த்தார், அதன்மேல் நான் போட்ட கோடுகளைப் பார்த்தார். யார் போட்டது என்று கேட்டார். நான் சுவரைப் பார்த்தேன். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எந்தம்பிதானுங்க," என்றாள். (அந்த நேரத்திலும் அந்தக் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. இன்று நினைத்தாலும் எனக்கு என்னவோ செய்கிறது.)

"கோடெல்லாம் நல்லாத்தான் போட்டிருக்காரு. கோணமும் இந்த வயசுக்குச் சரிதான்," என்றார் டாக்டர். "கைக்குழந்தைக்குக் கூரை சரிவாத்தாம்மா இருக்கும், வளர வளரத்தான் படியும். பந்தும் அங்கயேதான் இருக்குது. இன்னும் குருத்தா இருக்குது, குருத்து எக்ஸ்ரேல தெரியாது. கொஞ்ச மாசத்துல எலும்பாயி வந்துரும். நடப்பா, ஓடுவா."

அப்புறம் என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீ படம் மட்டும் எடு."

சில மாதம் கழித்து மறுபடி எடுத்த படத்தில், இரண்டு கிண்ணத்திலும் துவரம்பருப்பு அளவில் வெள்ளையாக ஒவ்வொன்று முளைத்திருந்தது. அக்கா வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. மச்சான் சொன்ன சொல் தவறாமல் வாங்கி வந்த பந்து, குழந்தையைவிடப் பெரிதாக இருந்தது.

அவள் இப்போது ஒன்றாம் வகுப்பு. ஓடினால் பிடிக்க முடிவதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை மரவள்ளிக் காட்டிலிருந்து மூச்சிரைக்க ஓடி வந்து, "மாமா, பந்தக் காணோம்," என்றாள்.

நான் பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது.

"மாமனக் கேக்காத சாமி. பந்து அங்கயேதான் இருக்கும். இன்னும் குருத்தா இருக்கும்."