உள்தாழ்ப்பாள் போட்ட அறை

கார்த்திகை முதல் தேதி காலையில் நான் ஒரு முடிவெடுத்தேன். இந்த வீட்டில் எனக்கென்று ஒரு தனி அறை வேண்டும். ஐம்பத்தாறு வயதில் இது ஒன்றும் பேராசை இல்லை.

ஜவ்வாது மலைக்குக் குளிர்காலத்தில் வருகிறவர்கள் ஸ்வெட்டர் போட்டுப் படம் எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவிடுவார்கள். மலையிலேயே கிடப்பவனுக்கு அது வேலைக்காலம். சாமையைக் காயவைக்க வேண்டும். பனி விழுமுன் அள்ள வேண்டும். மாட்டுக் கொட்டகைக்குத் தார்பாய் கட்ட வேண்டும். விறகு பிளக்க வேண்டும். கூரையில் உடைந்த ஓடுகளை மாற்ற வேண்டும். இதையெல்லாம் நான் செய்வதாக யாரும் தப்பாக நினைக்க வேண்டாம். செய்யச் சொல்லி என் மனைவி கெங்கம்மாள் கூப்பிடுவாள். அந்தச் சத்தத்திலேயே எனக்கு உடம்பு களைத்துவிடும். ஆகவே, கூப்பிட்டால் கேட்காத இடம் ஒன்று அவசரமாகத் தேவைப்பட்டது.

சமையலறைச் சுவரை ஒட்டி ஒரு சின்ன அறை. அடுப்புச் சூடு சுவர் வழியாக வரும். ஜன்னல் கூடாது. கதவுக்கு உள்தாழ்ப்பாள் கட்டாயம். கொல்லையில் இறக்கிப் போட்டிருந்த கல்லும் சிமெண்டும் ஒரே ஓர் அறைக்குத்தான் வரும்.

சிக்கல் என்னவென்றால், அந்தக் கல்லின் மேல் கெங்கம்மாளுக்கும் கண். அவளுக்கு வேண்டியது பாத்ரூம். எங்கள் வீட்டுப் பெண்களுக்குக் குளியல் என்றால் கொல்லையில் நாலு மூங்கில் நட்டுப் பழஞ்சேலை சுற்றிய மறைப்புதான். மேலே ஆகாயம். எங்கள் மகள் அன்பரசி தலைப்பிரசவத்துக்கு வரவேண்டும். மார்கழியில் மாமியார் வீட்டில் பெண்ணை அனுப்ப மாட்டார்கள். கார்த்திகைக்குள் வந்தாக வேண்டும்.

"வயித்துப் புள்ளக்காரி இந்தப் பனியில வெட்டவெளியில எப்டிங்க குளிப்பா?"

"அவ உன் வயித்துல இருந்தப்ப நீ அங்கதான குளிச்ச?"

"குளிச்சேன்."

"அப்பறம் இன்னா? பனி போவட்டும். தையில பாத்துக்கலாம்."

கெங்கம்மாள் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள். "சரிங்க. மொதல்ல உங்க ரூமையே கட்டுங்க."

இருபத்தொன்பது வருடத்தில் அவள் இவ்வளவு சீக்கிரம் 'சரிங்க' சொன்னதே கிடையாது. அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். ஜெயித்த மிதப்பில் புத்தி வேலை செய்யவில்லை.

கொத்தனார் அசலார் இல்லை. கெங்கம்மாளின் தம்பி சின்னராஜ்தான். சுவர் எழுப்பி, மேலே ஷீட் போட்டு, ஒன்பதாம் நாள் தரை போட்டான். நான் ஆலங்காயம் போய் வாங்கி வந்த ரசமட்டத்தை வைத்துப் பார்த்தேன். குமிழி நடுவில் நிற்காமல் ஓரத்துக்கு ஓடிப்போய்விட்டது.

"இன்னா மச்சான், தரை சாயுது?"

"மலையில எது மாமா மட்டமா கீது?"

"வூட்டுத் தரை மட்டமாதான கீது!"

கெங்கம்மாள் டீயோடு வந்தாள். "நீங்க படுக்கற எடம். தெனம் கழுவி வுட வேணாமா? தண்ணி ஓட வாட்டம் வேணும்ங்க. மூலையில ஒரு ஓட்டையும் வுடச் சொன்னேன்."

என் அறையைத் தினம் கழுவப் போகிறாளாம். ரசமட்டத்தை ஓரமாக வைத்துவிட்டு டீயை வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் ஆளுயரத்துக்குச் சிமெண்ட் பூசி, மழமழவென்று தேய்த்துக்கொண்டிருந்தான் சின்னராஜ். சுவர் பனியைக் குடிக்காதாம். அதற்கு மறுநாள் சமையலறைப் பக்கச் சுவரில் ஒரு துவாரம்.

"இது எதுக்கு?"

"அடுப்புச் சூடு நேரா உள்ள வரும் மாமா."

"சூடு வர்றதுக்கு இம்மாம் பெருசா?"

"கொடம் நொழையற அளவு இருந்தாதான் சூடு தாராளமா வரும்ங்க" என்றாள் கெங்கம்மாள்.

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. மூலையில் முழங்கால் உயரத்துக்கு ஒரு பலகைக்கல்லும் வந்தது. நான் உட்கார்ந்து யோசிக்க.

சனிக்கிழமை மத்தியானம் குடிபுகுந்தேன். பாயை விரித்தேன். தாழ்ப்பாளைப் போட்டேன். வெளியே யாரோ யாரையோ விறகு பிளக்கக் கூப்பிட்டார்கள். யாரையோ! நிம்மதியாகத் தூங்கினேன். தூக்கத்தில் பாய், தலையணை, நான் எல்லோரும் மெல்ல மெல்ல மூலைக்கு நகர்ந்திருக்கிறோம். விழித்தபோது என் கால் ஓட்டையை அடைத்திருந்தது. சுவர்த் துவாரம் வழியாக வெந்நீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"அய்யோ! இன்னாடி இது?"

துவாரத்தில் கெங்கம்மாளின் முகம் தெரிந்தது. "வாட்டம் சரியா கீதான்னு பாத்தேங்க. காலை எடுங்க, தண்ணி நிக்குது."

"இது என் ரூமு!"

"உங்க ரூமுதான். யாரு இல்லன்னா? நாளைக்குப் புள்ள வர்றா. அவ குளிச்சிட்டுப் போன பின்னாடி உள்ள இருங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "அன்னிக்கு, நீ குளிக்கலயான்னு கேட்டீங்களே. குளிச்சேன். பல்லு கிட்டிக்கினு குளிச்சேன். தண்ணி மேல பட்டாலே அவ வயித்துக்குள்ள அப்டியே சுருண்டுக்குவா. எனக்குத்தான் தெரியும். யாருகிட்ட போய்ச் சொல்றது?"

அந்த மறைப்பைக் கட்டியவன் நான். கட்டிய பிறகு ஒரு நாளும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதவனும் நான். வெயில் ஏறிய பிறகு கிணற்றடியில் நிதானமாகக் குளித்த ஆள். வெட்கமாக இருந்தது. நனைந்த பாயைச் சுருட்டிக்கொண்டு, தாழ்ப்பாளைத் திறந்து வெளியே வந்தேன்.

ஆனாலும் ஆண்பிள்ளை இல்லையா? போன மானத்தில் பாதியையாவது மீட்க ஒரு வழி தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை அன்பரசி இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து இறங்கியதும், நானே கைத்தாங்கலாகக் கொல்லைக்கு அழைத்துப் போனேன். கதவைத் திறந்து காட்டினேன்.

"பாத்தியாம்மா? உனக்காகவே அப்பா யோசிச்சு யோசிச்சுக் கட்டினது. உங்கம்மாகிட்டகூட மொதல்ல சொல்லல."

அன்பரசி பலகைக்கல்லில் மெதுவாக உட்கார்ந்து பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"தெரியும்ப்பா. ஐப்பசியிலயே அம்மா போன்ல சொல்லிட்டாங்க. 'அப்பா பாத்ரூம் கட்டப் போறாரு, அவருக்குத்தான் இன்னும் தெரியாது'ன்னு."